397 ஓட்டு! கனடாவின் மிஸ்ஸிஸாகா கற்றுத் தரும் பாடம்

(இளைஞர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று உங்களிடம் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த எண் 397. ஒரு நடுத்தரமான பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கூடும் கூட்டம் எவ்வளவு இருக்கும்? முந்நூறு, நானூறு பேர் இருப்பார்கள். அந்த ஒரு கூட்டத்தின் அளவு ஓட்டில், ஓர் நாடாளுமன்ற உறுப்பினர் தன் பதவியை இழந்தார். 2008 அக்டோபர் 14 அன்று, கனடாவில் மிஸ்ஸிஸாகா – எரிண்டேல் என்ற தொகுதியில் இது நடந்தது.

கனடாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறுபான்மையாக வாழும் ஒரு சமுதாயம் ஜனநாயகத்தில் எப்படி ஏறுகிறது, எப்படிச் சறுக்குகிறது, விழுந்த பின் எப்படி எழுகிறது என்பதையெல்லாம் அந்த ஓர் ஊரில் பத்தே ஆண்டுகளுக்குள் பார்த்துவிடலாம். அங்கும் நம் தேர்தலைப் போலவே, ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவரே உறுப்பினர். ஓர் ஓட்டு கூடுதலாக இருந்தாலும் வெற்றிதான். ஆகவே அந்தக் கணக்கு நமக்குப் புரியாத கணக்கல்ல.

மிஸ்ஸிஸாகா எப்படிப்பட்ட ஊர்?

டொரோண்டோ மாநகரத்தின் மேற்கே ஒட்டிக் கிடக்கும் புறநகர் அது. டொரோண்டோ விமான நிலையம் என்று நாம் சொல்கிறோமே, அது உண்மையில் இருப்பது மிஸ்ஸிஸாகாவின் எல்லைக்குள்தான். 1974-இல்தான் அது நகரமாக ஆக்கப்பட்டது. ஹேசல் மெக்காலியன் என்ற அம்மையார் 1978 முதல் 2014 வரை 36 ஆண்டுகள் தொடர்ந்து மேயராக இருந்தார். வயல்களும் பழத்தோட்டங்களும் இருந்த இடத்தில் வீடுகளும் கிடங்குகளும் கடைத் தொகுதிகளும் எழுந்தன. உலகின் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் 7 இலட்சத்து 17 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் முஸ்லிம்.

டாக்சி ஓட்டுகிறவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், ஹலால் இறைச்சிக் கடைக்காரர், பொறியாளர், கணக்காளர் என்று எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரே இனம் அல்ல. பாகிஸ்தானியர், இந்தியர், சோமாலியர், அரபியர், ஆப்கானியர், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திகள் என்று பல மொழி, பல பழக்கம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘முஸ்லிம் ஓட்டு’ என்று பத்திரிகைகள் எழுதும் அந்த மூட்டை அங்கேயும் கட்டி வைக்கப்பட்டதல்ல.

2006: ஒரு குடியேறியின் வெற்றி

எரிண்டேல் தொகுதியில் 2004-இல் வென்றவர் லிபரல் கட்சியின் கரோலின் பாரிஷ் என்ற அம்மையார். அமெரிக்க அதிபர் புஷ்ஷை வெளிப்படையாகச் சாடியவர். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக புஷ் பொம்மையை மிதித்தார்; தம் கட்சித் தலைமையையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2006 தேர்தலில் அவர் நிற்கவில்லை. இடம் காலியாயிற்று.

அந்த இடத்துக்கு வந்தவர் ஒமர் அல்காப்ரா. சிரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சவூதி அரேபியாவில் பிறந்து, 19 வயதில் கனடாவுக்குப் படிக்க வந்தவர். இயந்திரப் பொறியியல் படித்தார். வேலை பார்த்தார். கனடிய அரபுக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். 2006 ஜனவரி 23 அன்று நடந்த தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் பாப் டெக்கர்ட் என்ற வழக்கறிஞரை 3,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாடு முழுவதும் லிபரல் ஆட்சி வீழ்ந்த தேர்தல் அது. ஆட்சி போன அந்தக் காற்றிலும் இவர் வென்றார்.

சமுதாயம் மகிழ்ந்தது. இனி நமக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்கியது. சகோதரர்களே, ஆபத்து தொடங்குவது இந்தத் தூக்கத்தில்தான்!

2008: ஒரே இரவில் மூன்று தோல்வி

மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் தேர்தல். அதே அல்காப்ரா, அதே டெக்கர்ட். இம்முறை டெக்கர்ட் வென்றார். வித்தியாசம் 397.

அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 59 சதவீதம் மட்டுமே. கனடாவின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு குறைந்த வாக்குப்பதிவு நடந்ததில்லை. பத்தில் நான்கு பேர் வீட்டிலோ கடையிலோ இருந்துவிட்டார்கள். எரிண்டேலில் வீட்டில் இருந்தவர்கள் யார், எந்தச் சமுதாயம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. லிபரல் கட்சிக்கே அது கெட்ட நேரம். ஸ்டீஃபன் டியோன் தலைமையில் எரிபொருள் வரித் திட்டத்தோடு போய் நாடெங்கும் அடி வாங்கினார்கள். அதுவும் காரணம். ஆனால் ஒன்றை மட்டும் கேளுங்கள். வர முடிந்தும் வராதவர்களில் 400 பேர் வந்து அவருக்கு ஓட்டளித்திருந்தால்? ஒரு கடைத்தெரு சேர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால்? முடிவே வேறு!

அதே இரவில், அதே நகரத்தில், இன்னொரு தோல்வி. பக்கத்துத் தொகுதியான மிஸ்ஸிஸாகா – ஸ்ட்ரீட்ஸ்வில்லில் வாஜித் கான் தோற்றார். இவர் பாகிஸ்தான் விமானப்படையில் பணியாற்றியவர். கனடாவில் கார் விற்பனைத் தொழிலில் முன்னுக்கு வந்த வணிகர். 2004-லும் 2006-லும் லிபரல் சின்னத்தில் வென்றார். 2007 ஜனவரியில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தாவினார். 2008-இல் புதிய கட்சியின் பெயரில் மக்களிடம் போனார். மக்கள் லிபரல் கட்சியின் பானி குராம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மேற்கே எட்மண்டன் நகரத்திலும் ரஹீம் ஜாஃபர் தோற்றார். 1997-இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் முஸ்லிம் அவர். நான்கு தேர்தல் வென்றவர். ஐந்தாவதில் 500-க்கும் குறைவான ஓட்டில் விழுந்தார்.

எண்ணிப் பாருங்கள். ஒருவர் லிபரல். இருவர் கன்சர்வேட்டிவ். மூவரும் முஸ்லிம்கள். ஒரே இரவில் மூவரும் வெளியே! பெயர் நம் பெயராக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரவை மறக்கக் கூடாது. பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. ஆளும் கட்சியில் இருப்பதும் காப்பாற்றவில்லை.

இழந்ததன் விலை

ஓர் உறுப்பினர் போனதால் என்ன குறைந்துவிட்டது? 308 பேரில் ஒருவர்தானே? அவர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் நடந்ததைக் கேளுங்கள்.

2011 டிசம்பரில் கன்சர்வேட்டிவ் அரசு ஓர் உத்தரவு போட்டது. குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் பெண் நிகாப் அணிந்திருக்கக் கூடாது. இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஜுனைரா இஸ்ஹாக் என்ற சகோதரி. எந்த ஊர்க்காரர் தெரியுமா? அதே மிஸ்ஸிஸாகா! ‘பெண் அதிகாரி முன் தனியாக முகத்தைக் காட்டி அடையாளத்தை உறுதி செய்ய நான் தயார். பொதுவில் நிகாபை எடுக்கச் சொல்லாதீர்கள்’ என்பதே அவர் தரப்பு. 2015 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. செப்டம்பர் 15 அன்று, தேர்தல் பிரச்சாரம் நடுவில் இருக்கும்போது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் மனுவைத் தள்ளியது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒரு பெண்ணின் முகத்திரை தேசியத் தேர்தலின் பேச்சாயிற்று. ‘காட்டுமிராண்டிக் கலாச்சாரப் பழக்கங்கள்’ பற்றிப் புகார் கொடுக்கத் தனித் தொலைபேசி எண் அமைப்போம் என்று ஆளும் கட்சி அறிவித்தது. பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பற்றிப் போன் போடலாம் என்று பொருள்!

அக்டோபர் 9 அன்று அந்தச் சகோதரி நிகாபுடனேயே உறுதிமொழி எடுத்துக் குடிமகளானார். பத்தே நாளில், அக்டோபர் 19-இல் தேர்தல். நீதிமன்றம் அவருக்கு உரிமை கொடுத்தது. ஆனால் அந்த அலைச்சலுக்கு வித்திட்டது ஓட்டுப்பெட்டியில் பிறந்த ஓர் அரசு. நீதிமன்றத்தில் போராடுவது கடைசி வழி. ஓட்டுச்சாவடியில் நிற்பது முதல் வழி. முதல் வழி இலவசம். கடைசி வழிக்கு வக்கீல் வேண்டும்!

2015: விழுந்தவர் எழுந்த கதை

அல்காப்ரா 2011-இல் மறுபடி எரிண்டேலில் நின்றார். மறுபடியும் தோற்றார். இம்முறை 397 அல்ல, ஆயிரக்கணக்கில். வேறொருவராக இருந்தால் சமுதாயம் என்னைக் கைவிட்டது என்று அறிக்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் போகவில்லை. 2015-இல் மிஸ்ஸிஸாகா சென்டர் என்ற புதிய தொகுதியில் நின்று பெரிய வித்தியாசத்தில் வென்றார். 2019-லும் 2021-லும் வென்றார். 2021 ஜனவரியில் போக்குவரத்து அமைச்சரானார். 2023 ஜூலை வரை அப்பொறுப்பில் இருந்தார். 2025 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. இரு முறை தோற்றும் நான்கு முறை வென்றும் தாமாகவே விலகினார்.

பழைய எரிண்டேல் தொகுதி தொகுதிச் சீரமைப்பில் மறைந்தது. அதன் பெரும்பகுதி மிஸ்ஸிஸாகா – எரின் மில்ஸ் ஆயிற்று. அங்கே 2015-இல் டெக்கர்ட் மீண்டும் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் இக்ரா காலித். பாகிஸ்தானில் பிறந்தவர், சட்டம் படித்தவர், அப்போது இளம் பெண். இவர் வென்றார். ஏழாண்டுக்கு முன் 397 ஓட்டில் வென்றவரை, ஒரு முஸ்லிம் இளம் பெண் தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் நாட்டின் வாக்குப்பதிவு 68 சதவீதத்தைத் தாண்டியது. மிஸ்ஸிஸாகாவின் ஆறு தொகுதிகளையும் லிபரல் கட்சி பிடித்தது.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. இஸ்லாம் மீதான வெறுப்பையும், எல்லா வகை மத வெறுப்பையும், இன வெறுப்பையும் கண்டிக்கும் தீர்மானத்தை 2016 டிசம்பரில் முன்வைத்தார். அடுத்த மாதமே, 2017 ஜனவரி 29 அன்று, கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த ஆறு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். தீர்மானம் கொண்டு வந்த பெண்ணுக்கோ ஆயிரக்கணக்கில் வசை மடல்கள், மிரட்டல்கள். அவற்றில் சிலவற்றை அவர் நாடாளுமன்றத்திலேயே வாசித்துக் காட்டினார். மார்ச் 23 அன்று 201-க்கு 91 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஓட்டளித்த 201 பேரில் பெரும்பான்மையோர் முஸ்லிம் அல்லாதவர்கள். இதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

வெற்றி எங்கே தயாராகிறது?

இனி வேலையைப் பார்ப்போம். தேர்தல் நாளில் வெற்றி தயாராவதில்லை. அதற்கு முன்பே தயாராகிறது. எங்கெங்கே?

ஒன்று, பட்டியலில். கனடாவில் குடிமகனுக்கு மட்டுமே ஓட்டு. பலர் வந்து பத்தாண்டு ஆனாலும் குடியுரிமை விண்ணப்பம் போடாமல் தொழிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடியுரிமை பெற்றவர் வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும், தேர்தல் ஆணையத்துக்கு விவரம் போய்விடும். அந்த ஒரு குறியைப் போடாதவர்கள் எத்தனை பேர்!

பட்டியலின் அருமையைச் சொல்ல இன்னொரு புறநகர்த் தொகுதியைக் காட்டுகிறேன். டொரோண்டோவின் எடோபிகோ சென்டர். 2011-இல் அங்கே டெட் ஓபிட்ஸ் வெறும் 26 ஓட்டில் வென்றார். தோற்றவர் வழக்குப் போட்டார். வாக்காளரைச் சாவடியிலேயே பதிவு செய்த தாள்களில் குளறுபடி, சிலவற்றில் கையொப்பம் இல்லை என்பது வழக்கு. 2012 மே மாதம் ஒண்டாரியோ நீதிமன்றம் 79 ஓட்டுகளைத் தள்ளித் தேர்தலையே ரத்து செய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஓபிட்ஸ் வெற்றி செல்லும் என்றது. நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் ஒரு தாளையும் ஒரு கையொப்பத்தையும் வைத்து விவாதித்தார்கள். நாமோ பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கக் கூடச் சோம்பல் படுகிறோம்!

இரண்டு, கட்சிக்குள். வேட்பாளரைப் பெரும்பாலும் தொகுதியிலுள்ள கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. இரு பெரிய கட்சிகளிலும் 14 வயதிலேயே உறுப்பினர் ஆகலாம். எனவே உண்மையான போட்டி பல மாதம் முன்பே, ஒரு மண்டபத்தில், சில ஆயிரம் உறுப்பினர்களுக்கிடையே முடிந்துவிடுகிறது. அங்கே இல்லாதவன், பிறகு யாரோ நிறுத்திய இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். இளைஞர்களே, இது உங்கள் களம். கூட்டத்துக்கு நாற்காலி போடுவதோடு உங்கள் வேலை முடியவில்லை. உறுப்பினர் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

மூன்று, கணக்கில். வணிகப் பெருமக்களே, இது உங்களுக்கு. 2007 முதல் கனடாவின் மத்தியத் தேர்தலில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தர முடியாது. தனிமனிதர் மட்டுமே தரலாம். அதற்கும் ஆண்டுக்கு உச்சவரம்பு உண்டு. தந்த சிறு தொகையில் முதல் 400 டாலருக்கு முக்கால் பங்கு வரிச்சலுகையாகத் திரும்பும். ஆக, ஒரு கோடீஸ்வரர் கட்சியை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் நூறு கடைக்காரர்கள் ரசீதோடு கொடுக்கும் சிறு தொகை ஒரு வேட்பாளரை நிறுத்தும். இரவில் கைமாறும் பணத்துக்குக் கௌரவம் இல்லை. ரசீதோடு கொடுத்தவன் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கலாம்.

இன்னொன்று. தேர்தல் நாளில் ஊழியருக்கு ஓட்டுப் போட மூன்று மணி நேரம் தொடர்ந்து கிடைக்கும்படி முதலாளி விட வேண்டும், சம்பளம் பிடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டம் சொல்லித்தான் விட வேண்டுமா? நம் கடையில் நிற்கும் பையன்களை ஓட்டுப் போட அனுப்பிவிட்டு, கல்லாவில் நாமே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன?

நான்கு, வாசலில். பள்ளிவாசல் மேடையில் இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று சொல்ல அங்கே அறக்கட்டளைச் சட்டம் இடம் தராது. ‘ஓட்டுப் போடு’ என்று மட்டும் சொல்லலாம். 2015-இல் அப்படியொரு அமைப்பே தோன்றியது. எந்தக் கட்சியையும் சொல்லாமல், முஸ்லிம்கள் சாவடிக்கு வர வேண்டும் என்பதையே வேலையாக வைத்துக்கொண்டது. இந்த வேலை மைக்கில் நடப்பதில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி நடப்பது. கதவு நம்முடையதா, பிறருடையதா என்று பார்க்காமல் தட்டுவது. மிஸ்ஸிஸாகாவில் ஆறில் ஒருவர் முஸ்லிம் என்றால், ஆறில் ஐந்து பேர் முஸ்லிம் அல்ல. அந்த ஐந்து பேரின் சாலையையும் சாக்கடையையும் பேருந்தையும் பற்றிப் பேசாதவர் அங்கே வெல்லவே முடியாது. நம் ஓட்டு அடித்தளம். பிறர் நம்பிக்கைதான் கூரை. அடித்தளம் மட்டும் போட்டுவிட்டு வீடு கட்டிவிட்டோம் என்று சொல்லலாமா?

டொரோண்டோவின் கிழக்குப் புறநகரான ஸ்கார்பரோவில் ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் செய்ததும் இதுவே. 2011-இல் ராதிகா சிற்சபைஈசன் அங்கிருந்து முதல் தமிழ் எம்.பி.யாகச் சென்றார். 2015-இல் அவர் தோற்றார். அதே ஆண்டு, அதே வட்டாரத்திலிருந்து கெரி ஆனந்தசங்கரி சென்றார். ஆள் மாறலாம், கட்சி மாறலாம். தட்டிய கதவுகளும் எழுதிய பட்டியலும் சமுதாயத்திடமே இருக்கும்.

முடிக்கும் முன்

சகோதரர்களே! 2008-இல் தோற்றது அல்காப்ரா என்ற ஒரு மனிதர் மட்டுமல்ல. ‘நான் ஒருவன் போகாவிட்டால் என்ன’ என்ற நினைப்புக்குக் கிடைத்த மதிப்பெண் அது. அந்த நினைப்பு எல்லா நாட்டிலும் உண்டு. நம் கடைத்தெருவிலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு.

தோல்விக்குப் பிறகு அவர்கள் யாரையும் சபிக்கவில்லை. எண்ணினார்கள். எழுதினார்கள். கதவைத் தட்டினார்கள். ஏழாண்டு காத்திருந்தார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் 18 வயது நிறைந்தவர்கள் எத்தனை பேர், பட்டியலில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஒன்றாக இல்லையென்றால், உங்கள் வீட்டிலேயே அந்த 397-இன் ஒரு பங்கு இருக்கிறது. அதை முதலில் நேராக்குங்கள்.